மணலில் பிடித்த விரல்

கடலோரத் தொண்டை நாடு: பகுதி 19

ஆலம்பரைக் கோட்டையின் கதையைச் சென்ற இதழில் 1760-இல் நிறுத்தியிருந்தோம். பிரெஞ்சுக்காரரிடமிருந்து ஆங்கிலேயர் அதைப் பிடித்தார்கள், மதிலை இடித்தார்கள். கோட்டை இருந்த கடப்பாக்கம் மறுபடியும் பனை, உப்பு, மீன் என்று தன் பழைய பிழைப்புக்குத் திரும்பியது. கோட்டை இடிந்து கிடந்தாலும் அதைப் படம் எடுக்க இன்றைக்கும் ஆள் வருகிறது. அதே காலத்தில் இந்தக் கரையில் ஊருக்கு ஊர் இருந்து, ஒரு செங்கல்கூட மிச்சம் வைக்காமல் போன இன்னொன்று உண்டு. அதுதான் திண்ணைப் பள்ளிக்கூடம். செங்கல் மிஞ்சாததில் அதிசயமில்லை. அதற்கென்று தனியாகச் செங்கல் இருந்ததே கிடையாது. யாராவது ஒருவர் வீட்டுத் திண்ணை, இல்லாவிட்டால் கோயில் மண்டபம், ஊர்ச் சாவடி, எதுவும் வாய்க்காத ஊரில் மரத்தடி.

இந்தப் பள்ளிகளைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி ஒரு கவர்னர் கேட்ட கேள்வியால் வந்தது. 1822 ஜூன் 25 அன்று தாமஸ் மன்றோ ஒரு குறிப்பு எழுதினார். இந்த நாட்டு ஜனங்கள் படிப்பில்லாதவர்கள் என்று ஆளாளுக்குப் பேசுகிறார்கள், ஆனால் எண்ணிப் பார்த்தவர் ஒருவருமில்லை என்பது அவருடைய குறை. ஒவ்வொரு மாவட்டத்துக் கலெக்டரும் தன் எல்லைக்குள் எத்தனை பள்ளி, எத்தனை பிள்ளைகள், எந்தெந்தச் சாதி, வாத்தியாருக்கு வரும்படி என்ன என்று கணக்கு அனுப்ப வேண்டும் என்று உத்தரவு போயிற்று. கலெக்டர் தாசில்தாரைக் கேட்டார், தாசில்தார் கணக்குப்பிள்ளையைக் கேட்டார். கணக்குப்பிள்ளை, தான் படித்த திண்ணையையே எண்ணிச் சொல்லியிருப்பார்.

செங்கற்பட்டுக் கலெக்டரின் பதில் 1823 ஏப்ரலில் போய்ச் சேர்ந்தது. மாவட்டத்தில் 508 பள்ளிக்கூடங்கள். வேதமும் சாஸ்திரமும் சொல்லித்தரும் மேற்படிப்புச் சாலைகள் 51, அவற்றில் 398 மாணவர்கள். பள்ளிகளில் படித்த பையன்கள் ஆறாயிரத்து எழுநூறு பேருக்குச் சற்று மேல். வகுத்துப் பார்த்தால் ஒரு திண்ணைக்குச் சராசரி பதின்மூன்று பேர். இந்தப் பையன்களில் பத்துக்கு ஏழு பேர், அன்றைய அதிகாரிகள் சூத்திரர் என்று ஒரே பத்தியில் போட்ட வேளாளர், இடையர் முதலான சாதிகளைச் சேர்ந்தவர்கள். பிராமணப் பிள்ளைகள் எட்டில் ஒரு பங்கு. படிப்பு என்றாலே அக்கிரகாரம் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் இந்த எண்களைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

இந்த எண்களின் பின்னணியையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். 1763-இல் ஆற்காட்டு நவாப் முகம்மது அலி செங்கற்பட்டுச் சீமையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். 1780-இல் ஹைதர் அலியின் குதிரைப்படை இந்தச் சீமையைச் சூறையாடியது. ஊர்கள் காலியாயின, ஏரிக்கரைகள் உடைந்து கிடந்தன. லயனல் பிளேஸ் கலெக்டராக வந்து மதுராந்தகம் ஏரியைச் செப்பனிட்டது 1790-களின் நடுவில். ஆக, 1823-இல் எண்ணப்பட்டது ஒரு செழிப்பான காலத்துப் படிப்பு இல்லை. அடிபட்டு எழுந்த ஒரு சீமையில், எந்த அரசும் காசு கொடுக்காமல், ஊரார் தாங்களாகவே மறுபடி உட்காரவைத்த 508 வாத்தியார்கள் அவர்கள்.

மாகாணம் முழுவதற்குமான கூட்டல் முடிய 1825 ஆயிற்று. மன்றோ அதை வைத்து 1826 மார்ச்சில் தன் முடிவை எழுதினார். சென்னை மாகாணத்தில் பள்ளிகளும் மேற்படிப்புச் சாலைகளும் சேர்ந்து 12,498. மக்கள்தொகை ஒரு கோடியே இருபத்தெட்டு லட்சத்துக்கு மேல். ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி என்ற கணக்கு. பள்ளி வயதுப் பையன்களில் நாலில் ஒருவன் பள்ளிக்குப் போகிறான், வீட்டிலேயே படிப்பவர்களையும் சேர்த்தால் மூன்றில் ஒருவன் என்று மதிப்பிட்டார். முன்பு இதைவிட நன்றாக இருந்திருக்க வேண்டும் என்றும், ஐரோப்பாவின் பல நாடுகளில் சற்று முன்காலம் வரை இருந்த நிலையைவிட இது மேல் என்றும் அவரே சேர்த்துக்கொண்டார்.

சரியாக அதே ஆண்டுகளில், இதே பிரிட்டிஷ் ஆட்சி இன்னொரு நாட்டிலும் கிராமப் பள்ளிகளை எண்ணிக்கொண்டிருந்தது என்பது தற்செயலானாலும் சுவையானது. அந்த நாடு அயர்லாந்து. 1824-இல் அமைந்த கல்விக் கமிஷன் அங்கே ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டணப் பள்ளிகளையும், அவற்றில் சுமார் நான்கு லட்சம் பிள்ளைகளையும் கண்டது. அவற்றில் மிகப் பெரும்பாலானவை வேலியோரப் பள்ளிகள் என்று அங்குள்ளவர்கள் சொல்லும் வகை.

அந்தப் பெயர் வந்த கதை கசப்பானது. 1695-இல் வந்த சட்டம் கத்தோலிக்கர் பள்ளி நடத்துவதைத் தடை செய்தது. 1709-இல் இன்னும் இறுக்கி, கத்தோலிக்க வாத்தியாரைக் காட்டிக்கொடுப்பவருக்குப் பத்து பவுண்டு சன்மானம் என்றார்கள். கூரைக்கடியில் நடத்தினால் வீட்டுக்காரனுக்கும் தண்டனை. ஆகவே வாத்தியார் வயல் வேலியின் வெயில் படும் பக்கமாக உட்கார்ந்து பாடம் சொன்னார். ஒரு பையன் வழியைப் பார்த்துக்கொண்டு நிற்பான், அந்நியர் தலை தெரிந்தால் கூட்டம் கலைந்துவிடும். 1782-இல் தடை தளர்ந்த பிறகு வேலியோரம் குடிசையாகவும் கொட்டகையாகவும் மாறியது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. வில்லியம் கார்ல்டன் என்ற எழுத்தாளர் இத்தகைய பள்ளிகளில் படித்தவர். 1830-களில் அவர் எழுதிய கதைகளில் அந்த வாத்தியார்கள் குடியும் கோபமும் லத்தீனுமாக உயிரோடு உலவுகிறார்கள். பிள்ளைகள் குளிர்காலத்தில் ஆளுக்கொரு கரிமண் கட்டி கொண்டுவந்து அடுப்பில் போட வேண்டும். காசில்லாத வீடு வெண்ணெய் கொடுக்கும், உருளைக்கிழங்கு கொடுக்கும்.

நம் பக்கம் திண்ணை வாத்தியாரை எவரும் தடை செய்யவில்லை. ஆனால் பிழைப்பு ஏறத்தாழ அதே மாதிரி. செங்கற்பட்டுக் கலெக்டர் எழுதுகிறார்: ஒரு கிராம வாத்தியாருக்கு மாதம் மூன்றரை ரூபாயிலிருந்து பன்னிரண்டு ரூபாய் வரை கிடைக்கிறது, சராசரி ஏழு ரூபாய்க்கு மேல் இருக்காது. பதின்மூன்று பிள்ளைகள் என்று வைத்துக்கொண்டால் தலைக்கு எட்டணா. அதுவும் முழுக்கக் காசாக வந்ததென்று நினைக்க வேண்டாம். அறுப்புக் காலத்தில் நெல், மற்ற நாளில் விறகு, காய்கறி. பிள்ளை அடுத்த சுவடிக்கு ஏறும்போது ஒரு தட்டு வெற்றிலை பாக்கோடு ஏதாவது. பெரிய வரும்படி நவராத்திரியில்தான். பிள்ளைகள் கோலாட்டக் கழியும் புது உடையுமாக வீடு வீடாகப் போய்ப் பாடுவார்கள். தட்டில் விழுகிற காசும் வேட்டியும் வாத்தியாருக்கு. சில மாவட்டங்களில் மகர்நோன்பு என்றும் மானம்பூ என்றும் இதற்குப் பெயர். தன் சம்பளத்தைத் தன் மாணவர்களைப் பாடவைத்துத் திரட்டிக்கொள்ள வேண்டிய நிலை எந்த வாத்தியாருக்கும் கூச்சமாகத்தான் இருந்திருக்கும். ஊர் அதைத் திருவிழாவாக்கி அந்தக் கூச்சத்தை மறைத்துக் கொடுத்தது.

பள்ளியின் நாள் விடிவதற்கு முன்பே தொடங்கும். உ.வே.சாமிநாதையர் 'என் சரித்திர'த்தில் தம் உத்தமதானபுரத்துப் பள்ளியை விவரித்திருப்பது தமிழில் இதற்குக் கிடைத்த மிகச் சிறந்த சாட்சி. தஞ்சைச் சீமை என்றாலும் முறை ஒன்றுதான். முதலில் வருபவனுக்குப் பெருமை, பிந்தி வருபவனுக்கு வரிசைப்படி பிரம்படி. பெரிய பையன் ஒருவன் சட்டாம்பிள்ளை. வாத்தியார் இல்லாதபோது அவன்தான் சர்வாதிகாரி. மாலையில் வீட்டுக்கு அனுப்பும்போது ஒவ்வொருவனுக்கும் ஒரு பூவின் பெயர், ஒரு பறவையின் பெயர், ஒரு ஊரின் பெயர் சொல்லி அனுப்புவார் வாத்தியார். காலையில் வந்ததும் அதை ஒப்பிக்க வேண்டும். ஞாபகத்தைத் தீட்ட இதைவிடச் செலவில்லாத வழி கிடையாது. தண்டனைகளைப் பற்றிப் பழைய ஆட்கள் சிரித்துக்கொண்டே பேசுவார்கள், ஆனால் கோதண்டம் என்பது சிரிக்கிற சமாசாரம் இல்லை. உத்தரத்திலிருந்து தொங்கும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பையன் அந்தரத்தில் தொங்க வேண்டும், கை நழுவினால் கீழே பிரம்பு. பள்ளிக்கு மட்டம் போட்டவன் காலில் சங்கிலியோடு கட்டை. இந்தக் கொடுமையைப் பழமையின் வாசனை என்று மெழுகிவிட முடியாது.

புதிதாகச் சேர்ந்த பிள்ளைக்கு முதல் புத்தகம் மணல். விஜயதசமியன்று தட்டில் நெல்லைப் பரப்பி எழுதவைத்த பிறகு, திண்ணையில் அவன் முன்னால் மணலைப் பரப்புவார்கள். கடலோர ஊர்களில் இதற்குப் பஞ்சமே இல்லை. சலித்த மணலைக் கையால் நிரவி, வாத்தியாரோ சட்டாம்பிள்ளையோ பிள்ளையின் ஆள்காட்டி விரலைப் பிடித்து 'அ'னா போடவைப்பார். வாயும் கூடவே சொல்லும். விரல் போன வழியிலேயே திரும்பத் திரும்பப் போகும், பள்ளம் ஆழமாகும், பிறகு உள்ளங்கையால் ஒரே தடவு, மறுபடி புது மணல். எழுத்து கண்ணுக்குப் போவதற்கு முன்பே விரலுக்கும் காதுக்கும் போய்விடும். மாதக்கணக்கில் இப்படி உருவேறிய பிறகுதான் ஓலை. பனை ஓலையை வெட்டி, பதப்படுத்தி, நறுக்கி, எழுத்தாணியால் கீறி, கீறிய இடம் தெரிவதற்காக மஞ்சளோ இலைச் சாறு கலந்த கரியோ தடவித் துடைப்பார்கள். ஆரம்பத்தில் வாத்தியார் எழுதித் தந்த ஓலையின் பள்ளத்திலேயே எழுத்தாணியை ஓட்டிப் பழக வேண்டும். இடது கையில் ஓலை, வலது கையில் எழுத்தாணி. எழுத்தாணி ஒரே இடத்தில் நிற்க, ஓலைதான் இடப்பக்கமாக நகரும். இந்தப் பழக்கம் வந்தவன் மேஜையில்லாமல், வெளிச்சம் குறைந்த இடத்தில், நின்றுகொண்டேகூட எழுதுவான்.

இந்த மணலுக்கு ஒரு வெளியூர்ப் பயணமும் உண்டு. 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய பாதிரியார் சீகன்பால்கு தமிழ் கற்கத் திண்ணை வாத்தியாரைப் பிள்ளைகளோடு தம் வீட்டுக்கு வரவழைத்து, அந்தப் பிள்ளைகளுக்கு நடுவே தானும் உட்கார்ந்து மணலில் எழுதிப் பழகினார். அதைவிடப் பெரிய கதை எண்பது ஆண்டுகள் கழித்து எழும்பூரில் நடந்தது. 1789-இல் அங்கே ஐரோப்பியப் படைவீரர்களின் அநாதைப் பிள்ளைகளுக்கான விடுதிக்கு ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர் பொறுப்பேற்றார். ஒரு நாள் குதிரையில் போகையில் தமிழ்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைப் பார்த்தார். தம் பள்ளி ஆசிரியர்களிடம் இதைச் செய்து பாருங்கள் என்றால் அவர்கள் முகம் சுளித்தார்கள். பெல் அவர்களை ஒதுக்கிவிட்டு ஜான் ஃப்ரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனைச் சின்னப் பிள்ளைகளுக்கு வாத்தியாராக வைத்தார். வேலை ஆயிற்று. 1797-இல் லண்டனில் இதைப் புத்தகமாக்கினார். பெரிய பையன் சின்னவனுக்குச் சொல்லித் தருகிற இந்த ஏற்பாடு 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் இங்கிலாந்து முழுவதும் பரவியது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் பெல்லின் சொத்திலிருந்து எழுந்த பள்ளிக்கு இன்றைக்கும் மெட்ராஸ் காலேஜ் என்றுதான் பெயர். எந்தத் திண்ணை, எந்த வாத்தியார் என்று பெல் கேட்டு எழுதி வைத்திருந்தால் அந்தப் பெயருக்கு ஒரு ஊரும் ஆளும் கிடைத்திருப்பார்கள். இப்போதைக்கு ஒரு பையனின் விரல் மட்டும் அவருடைய நினைவில் இருந்திருக்கிறது.

சட்டாம்பிள்ளை ஏற்பாட்டைப் பெல்லுக்குப் போட்டியாக ஜோசப் லங்காஸ்டர் என்பவரும் தம் பாணியில் வளர்த்தார். 1811-இல் டப்ளினில் தொடங்கிய கில்டேர் பிளேஸ் சங்கம் ஏழைகளின் கல்விக்கென்று லங்காஸ்டரின் முறையை எடுத்துக்கொண்டு, பார்லிமென்டின் மானியத்தோடு பள்ளிகளைத் திறந்தது. வேலியோரப் பள்ளிகளின் இடத்தில் ஒழுங்கான பள்ளிகளை உட்காரவைப்பது அதன் நோக்கங்களில் ஒன்று. சென்னையில் ஒரு திண்ணையைப் பார்த்துப் புகழ்பெற்ற முறையின் உறவுக்காரன், அயர்லாந்தில் அங்குள்ள திண்ணையைக் காலி செய்யப் போனான். பெல்லாரிக் கலெக்டர் கேம்பல் 1823 ஆகஸ்டில் எழுதிய அறிக்கையில், நாட்டுப் பள்ளிகளின் சிக்கனமும் பெரிய பிள்ளைகள் சிறியவர்களுக்குக் கற்பிக்கும் முறையும் இங்கிலாந்து பின்பற்றியதற்குத் தகுதியானவைதான் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார். அதே அறிக்கையில், முன்பு பள்ளி இருந்த பல ஊர்களில் இப்போது இல்லை, ஜனங்கள் வறுமைப்பட்டதே காரணம் என்றும் எழுதுகிறார். கம்பெனி அதிகாரி ஒருவர் கம்பெனிக்கே எழுதிய வரி இது.

திண்ணையில் என்னதான் படித்தார்கள்? ஆத்திசூடி, கொன்றைவேந்தன், மூதுரை, உலகநீதி, பிறகு சதகங்களும் நிகண்டும். இவை நமக்குத் தெரிந்த பட்டியல். ஆனால் பெற்றோர் நெல்லளந்து கொடுத்தது பெரும்பாலும் எண்சுவடிக்காகத்தான் என்பது என் எண்ணம். பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி, குழிமாற்று என்று அது படிப்படியாகப் போகும். நெல்லிலக்கம் 360 நெல் ஒரு செவிடு என்று தானியத்திலிருந்தே ஆரம்பிக்கும். ஐந்து செவிடு ஆழாக்கு, இரண்டு ஆழாக்கு உழக்கு, இரண்டு உழக்கு உரி, இரண்டு உரி நாழி, எட்டு நாழி குறுணி, இரண்டு குறுணி பதக்கு, இரண்டு பதக்கு தூணி, மூன்று தூணி கலம். ஒரு வீட்டுக்கு நாளைக்கு மூன்று உழக்கு அரிசி செலவு, முப்பது நாளைக்கு எவ்வளவு என்று வாத்தியார் கேட்பார். பத்து வயதுப் பையன் ஓலையைத் தொடாமல் பதக்கு, ஆறு நாழி, உரி என்பான். நீங்கள் காகிதத்தில் போட்டுப் பாருங்கள், சரியாக வரும்.

பின்னக் கணக்கில் இன்னும் நுட்பம். இருபதில் ஒரு பங்கு மா, எண்பதில் ஒரு பங்கு காணி, முந்நூற்றிருபதில் ஒரு பங்கு முந்திரி. முந்திரிக்கும் கீழே போனால், முந்திரியையே ஒன்றாக வைத்துக்கொண்டு மறுபடியும் கால், அரை, மா என்று இறங்குவார்கள். அதற்குக் 'கீழ்' என்று அடைமொழி. மாவை மாவால் பெருக்கினால் என்ன? இன்றைய பையன் நானூற்றில் ஒன்று என்பான். குழிமாற்றுப் படித்தவன் கீழ் முக்காலே ஒரு மா என்பான். இரண்டும் ஒன்றுதான். நிலம் அளக்கிறவனுக்கு இது வேண்டும். செங்கற்பட்டுச் சீமையில் இருபத்துநாலு அடிக்கு இருபத்துநாலு அடி ஒரு குழி, நூறு குழி ஒரு காணி, அதாவது 1.32 ஏக்கர். கோல் பிடிக்கும்போது பாதியும் காலுமாக மிச்சம் விழும் துண்டு நிலங்களின் பரப்பைக் கண்டுபிடிக்கப் பின்னத்தைப் பின்னத்தால் பெருக்கத் தெரியாமல் முடியாது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் ஆய்வு செய்த செந்தில் பாபு இந்தச் சுவடிகளை வைத்து 2022-இல் வெளியிட்ட ஆங்கில நூல், திண்ணைக் கணக்கு வெறும் மனப்பாடம் என்ற பழைய பேச்சைச் சரியாகக் கேள்வி கேட்டிருக்கிறது. சொல்லிச் சொல்லி உருவேற்றியது கணக்குப் போடும் நேரத்தில் கைக்கு வரவேண்டிய கருவி, அவ்வளவுதான்.

இந்தக் கல்வியின் விளைச்சல் எங்கே இருக்கிறது என்று கேட்டால், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டும். 1767-க்கும் 1774-க்கும் இடையில் தாமஸ் பார்னார்டு என்ற பொறியாளர் செங்கற்பட்டு ஜாகீரின் சுமார் 2000 ஊர்களைச் சர்வே செய்தபோது, ஊர் ஊராகக் கணக்குப்பிள்ளைகள் ஓலையில் எழுதிக் கொடுத்த வீடு, குடி, ஏரி, விளைச்சல் கணக்குகளின் சுவடிகள் அங்கே இருக்கின்றன. ஒரு மா நிலமும் ஒரு குறுணி நெல்லும் தப்பாத கணக்கு. எழுதியவர்கள் அத்தனை பேரும் திண்ணைப் பிள்ளைகள். மன்றோ கணக்கைத் தேடி எடுத்து 1983-இல் 'அழகிய மரம்' என்று பொருள்படும் தலைப்பில் நூலாக்கிய தரம்பால்தான் இந்தச் சுவடிகளின் மதிப்பையும் ஊருக்குச் சொன்னவர். அந்தத் தலைப்பு 1931 அக்டோபரில் லண்டனில் காந்தி பேசிய பேச்சிலிருந்து வந்தது. ஆங்கிலேயர் இந்தியக் கல்வியின் வேரைத் தோண்டிப் பார்த்துவிட்டு அப்படியே விட்டுவிட்டார்கள், மரம் பட்டுப்போயிற்று என்றார் காந்தி. பிலிப் ஹார்டாக் என்ற கல்வியாளர் ஆதாரம் எங்கே என்று கேட்டு அவரை விடவில்லை. தரம்பாலின் நூலைக் காந்திக்காகக் காலந்தாழ்ந்து கொடுத்த பதில் என்றே படிக்கலாம்.

மரம் அழகியதுதான். அதன் நிழல் யாருக்கு விழுந்தது என்பதைத் தரம்பாலின் வாசகர்களில் பலர் வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். செங்கற்பட்டு அறிக்கையில் பெண்பிள்ளைகள் மிகச் சொற்பம். மாகாணம் முழுவதும் பள்ளிக்கு வந்த பெண்களில் பலர் கோயில் தாசிக் குடும்பத்தினர் என்று கலெக்டர்களே எழுதினார்கள். பண்ணையாட்களின் பிள்ளைகளுக்குத் திண்ணையில் இடமில்லை. திண்ணை வீட்டோடு சேர்ந்தது, வீடு தெருவோடு சேர்ந்தது, தெருவுக்குள்ளேயே வரக்கூடாதவன் திண்ணையில் எப்படி உட்காருவான்? ஊர் கொடுத்த நெல்லில் பெரும்பகுதியை விளைவித்தவன் அவன். அயர்லாந்தில் வாத்தியாரை வேலியோரத்துக்குத் துரத்தியது அந்நிய அரசு. இங்கே பிள்ளையைத் தெருவுக்கு வெளியே நிறுத்தியது நாம்தான், அதற்குக் கம்பெனிச் சட்டம் எதுவும் தேவைப்படவில்லை.

இதை எழுத்தில் வைத்த அதிகாரியும் செங்கற்பட்டுக்காரர்தான். 1891-இல் கலெக்டர் ட்ரெமன்ஹீர் இம்மாவட்டத்துப் பறையர் மக்களின் நிலை பற்றி அரசுக்கு ஒரு நீண்ட அறிக்கை கொடுத்தார். குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லை, தரிசு நிலத்தைக் கேட்டால் மிராசுதார்கள் குறுக்கே நிற்கிறார்கள், படிப்பு என்பது மிஷன் பள்ளி இருக்கும் இடத்தில் மட்டும் என்று ஊர் ஊராகப் பார்த்து எழுதினார். பஞ்சமி நிலம் என்று இன்று பேசப்படுவதன் தொடக்கம் அந்த அறிக்கை. மூன்றாண்டு கழித்து, 1894-இல், அன்று செங்கற்பட்டு மாவட்டத்தில் இருந்த அடையாறு ஊரூரில் பிரம்மஞான சபைத் தலைவர் கர்னல் ஆல்காட் பஞ்சமருக்கான தம் முதல் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். அந்த முயற்சியின் பின்னால் அயோத்திதாசர் இருந்தார்.

திண்ணைப் பள்ளி எப்படி முடிந்தது என்பதற்குத் தேதி கிடையாது. எவரும் மூடவில்லை. மன்றோ மாவட்டத்துக்கும் தாலுகாவுக்கும் அரசுப் பள்ளிகள் வைத்து, தாலுகா வாத்தியாருக்கு மாதம் ஒன்பது ரூபாய் கொடுக்கலாம் என்றார். 1827-இல் அவர் காலராவில் இறந்தார், 1836-இல் அந்தத் திட்டமும் இறந்தது. 1854-இல் சார்லஸ் வுட்டின் கல்விக் கடிதம் வந்தது. அதன் வழியே நாட்டுப் பள்ளிகளுக்கும் மானியம் என்ற பேச்சு வந்தது. அடுத்து, தேர்ச்சிக்குத் தக்க மானியம். இன்ஸ்பெக்டர் வருவார், பிள்ளைகளை வரிசையாக நிறுத்துவார், அச்சுப் புத்தகத்தில் வாசிக்கச் சொல்வார், ரூபாய் அணா பைசாவில் கணக்குக் கொடுப்பார். தேறிய தலைக்கு இவ்வளவு என்று வாத்தியாருக்குப் பணம். மணல் போய்ப் பலகை வந்தது, பலகை போய்ச் சிலேட்டு வந்தது. கீழ் முக்காலே ஒரு மா என்று பளிச்சென்று சொல்லும் பையனுக்கு இன்ஸ்பெக்டரிடம் மார்க்கு இல்லை. வாத்தியார் என்ன செய்வார்? குழிமாற்றைக் கட்டி உத்தரத்தில் செருகிவிட்டு, மானியம் தரும் பாடத்தை எடுத்தார். 1870-களின் தொடக்கத்தில் சார்லஸ் கோவர் சென்னைத் திண்ணைப் பள்ளிகளைப் பற்றி எழுதிய கட்டுரையில் அவை இன்னும் உயிரோடு இருக்கின்றன. பழக்கம் ஆழமாக வேரோடிய ஊர்களில் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரைக்கும் ஒன்றிரண்டு தாக்குப் பிடித்தன.

அயர்லாந்தில் தேதி உண்டு. 1831-இல் அரசின் தேசியப் பள்ளி முறை வந்தது. அடுத்த சில பத்தாண்டுகளில் வேலியோரப் பள்ளிகள் கரைந்தன. ஆனால் அதற்கு முன்பே பெற்றோர் ஒரு முடிவு எடுத்திருந்தார்கள். வேலியோர வாத்தியாரிடமே அவர்கள் கேட்டது ஐரிஷ் மொழியை இல்லை, ஆங்கிலத்தையும் கணக்கையும்தான். கப்பலேறிப் பிழைக்கப் போகிறவனுக்கு அவைதான் சோறு போடும் என்பது அவர்கள் கணக்கு. அரசு வாய்ப்பூட்டுப் போட்டதால் மட்டும் அந்த மொழி ஒடுங்கவில்லை. கடப்பாக்கத்தில் காலை எட்டு மணிக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் நின்று, இங்கிலீஷ் மீடியம் வேன்கள் குப்பத்துப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போவதைப் பார்க்கிறவர்களுக்கு அந்த ஐரிஷ் பெற்றோரைக் குறை சொல்ல மனம் வராது. கட்டணத்தை மீன் விற்ற காசில் அடைக்கிறார்கள்.

கடப்பாக்கம் இருக்கும் இந்த இடைக்கழிநாடு படிப்புக்குப் புதிய ஊரும் இல்லை. சிறுபாணாற்றுப்படை பாடிய நத்தத்தனாரின் பெயருக்கு முன்னால் இடைக்கழிநாட்டு நல்லூர் என்றுதான் வருகிறது. கடப்பாக்கத்தையும் உள்ளடக்கிய பேரூராட்சிக்கு இன்றும் அதே பெயர்.

ஊர் கொடுத்துப் பள்ளி நடத்தும் பழக்கம் ஒருமுறை திரும்பி வந்தது. அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்து நெய்யாடுபாக்கத்துக்காரரான நெ.து.சுந்தரவடிவேலு, காமராசர் ஆட்சியில் கல்வி இயக்குநராக இருந்தபோது மதிய உணவையும் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளையும் நடத்தினார். 1956-இல் மதிய உணவு முதலில் ஊராரின் அரிசியிலும் காய்கறியிலும்தான் தொடங்கியது, அரசுப் பணம் பிறகு வந்து சேர்ந்துகொண்டது. மாநாட்டுப் பந்தலில் ஒருவர் பெஞ்சு தந்தார், ஒருவர் கடிகாரம் தந்தார், ஒருவர் கட்டடத்துக்கு நிலம் தந்தார். 1823-இல் வாத்தியார் வீட்டுக்குப் போன அதே மரக்கால் நெல் இப்போது சத்துணவுக் கூடத்துக்கு முன்னோடியான அடுப்புக்குப் போயிற்று. ஒரு வித்தியாசம் இருந்தது. இம்முறை பந்தியில் சேரிப் பிள்ளையும் உட்கார்ந்தான். சில ஊர்களில் அதற்காகவே கொடுக்க மறுத்தவர்களும் உண்டு.

அடுத்த இதழில் மரக்காணம் உப்பளங்களுக்குப் போவோம். அங்கே மரக்காலும் படியும் கம்பெனியின் மணங்கும் மோதிக்கொண்ட கதை இருக்கிறது.

(தொடரும்)